விடுபட்ட இரண்டு எழுத்து

டிசம்பர் பிறந்தால் எங்கள் அச்சகத்தில் ஆண்டவருடைய வாக்குத்தத்தங்கள் ஷீட் ஷீட்டாக வந்து விழும்.

ராயப்பேட்டையில், ஆட்டோ நுழைந்தால் எதிரே சைக்கிள் வர முடியாத ஒரு சந்தில் இருக்கிறது அச்சகம். ஒரு ஆப்செட் மெஷின், ஒரு கட்டிங் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர், நான், என் மனைவி, மெஷின் ஓட்ட ஒரு தம்பி. கல்யாணப் பத்திரிகை, பில் புக், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எது வந்தாலும் அடிப்போம். டிசம்பரில் மட்டும் சபைகளிலிருந்து வசன அட்டைக்கு ஆர்டர் வரும். வழக்கம் தெரியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: 31-ஆம் தேதி ராத்திரி நாங்கள் ஆலயத்தில் கூடுவோம். 12 மணி அடித்து, ஜெபித்து, பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் வாழ்த்துச் சொல்லி முடித்ததும், பீடத்துக்கு முன்னால் ஒரு தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வரிசையில் போய் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கையில் வருகிற வசனம்தான் அந்த வருஷத்துக்கு நமக்கான வாக்குத்தத்தம். சிலர் பர்ஸில் வைத்துக்கொள்வார்கள், சிலர் பீரோ கண்ணாடியில் ஒட்டுவார்கள். என் அம்மா எல்லா வருஷத்து அட்டைகளையும் ரப்பர் பேண்டு போட்டு வேதாகமத்துக்குள் வைத்திருந்தார். கடைசியில் வேதாகமத்தை மூட முடியாமல் போயிற்று.

20 வருஷமாக இந்த அட்டைகளை நான்தான் கோத்துக் கொடுக்கிறேன். ஒரு ஷீட்டுக்கு 24 அட்டை. சபைக்குச் சபை பட்டியல் மாறும், ருசி மாறாது. உயர்த்துவேன், பெருகப்பண்ணுவேன், ஆசீர்வதிப்பேன் என்று எல்லாம் தித்திப்பாகவே இருக்கும். இத்தனை வருஷத்தில் வேதாகமத்துப் பாட்டுகளான சங்கீதங்களில் 88-ஆவதிலிருந்து ஒரு வசனம் போடுங்கள் என்று யாரும் கேட்டதில்லை. அந்தச் சங்கீதம் அழுகையில் தொடங்கி அழுகையிலேயே முடிகிறது. மற்ற புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. அதில் தப்பும் இல்லைதான். வருஷப் பிறப்பு ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கக் கண்ணோடு வரிசையில் நிற்கிற குழந்தையின் கையில் அதைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

2019 முடிந்த ராத்திரி நான் எடுத்த அட்டை உபாகமம் 28-ஆம் அதிகாரத்தில் உள்ளது. கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார் என்று இருந்தது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் பழைய சிங்கிள் கலர் மெஷினைத் தள்ளிவிட்டு, செகண்ட் ஹேண்டில் ஒரு இரண்டு கலர் ஆப்செட் வாங்கியிருந்தேன். விலை 18 லட்சம். 12 லட்சம் வங்கிக் கடன், மீதி கைமாற்றும் வட்டிக்கு வாங்கியதும். எல்லாம் ஆண்டவர் கொடுத்த தைரியம் என்று சொல்லிக்கொண்டேன். அதே அதிகாரத்தில், தலையாக்குவார் என்பதற்குச் சற்று முன்னால், நீ கடன் வாங்காதிருப்பாய் என்றும் எழுதியிருக்கிறது. அட்டையில் இடம் போதாது என்பதால் அந்தப் பகுதியை வெட்டியவன் நான்தான்.

மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்கு ஊரடங்கு அறிவித்தார்கள். அடுத்து என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் தொழிலுக்கு என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். கல்யாணத்துக்கு 50 பேர்தான் வரலாம் என்றார்கள். 50 பேருக்கு யார் பத்திரிகை அடிப்பார்கள்? வாட்ஸ்அப்பில் ஒரு படம் போதும். பள்ளிக்கூடம் மூடியதால் நோட்டு லேபிள் இல்லை, கடை மூடியதால் பில் புக் இல்லை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பேப்பர் எடுத்த பாக்கி அப்படியே நின்றது. வங்கித் தவணைக்கு ரிசர்வ் வங்கி ஆறு மாதம் அவகாசம் கொடுத்தது உண்மை. வட்டிக்கு யாரும் அவகாசம் கொடுக்கவில்லை, அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருந்தது. ஓடாத மெஷினுக்குள் எலி குட்டி போட்டது.

தமிழில் சமாதானம் என்ற சொல்லுக்கு ஒரு கெட்ட அர்த்தமும் உண்டு. கடன்பட்டவனுக்குத்தான் அது நன்றாகத் தெரியும். காலையில் எழுந்ததும் ஒருவருக்குச் சமாதானம் சொல்ல வேண்டும். பத்து மணிக்கு இன்னொருவருக்கு. 'வர்ற வெள்ளிக்கிழமை கண்டிப்பா தந்துடறேன் சார்.' வெள்ளிக்கிழமை என்று சொல்லும்போதே அது நடக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு நாள் முழுக்க இப்படிச் சமாதானம் சொல்லிவிட்டு, ராத்திரி முழங்காலில் நின்று சமாதானம் தாரும் ஆண்டவரே என்று கேட்க எனக்கு நா எழவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. கோபம் இருந்தால் கத்தியாவது இருப்பேன். வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபு கத்தினார், தீர்க்கதரிசி எரேமியா கத்தினார். எனக்கு ஒன்றுமே வரவில்லை. பரமண்டலத்திலிருக்கிற எங்கள் பிதாவே என்று தொடங்கினால், அன்றன்றுள்ள அப்பத்துக்கு வரும்போது மளிகைக் கடைப் பாக்கி ஞாபகம் வரும். எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல என்ற இடத்தில் நின்றே போய்விடும். அந்த ஜெபத்தில் கடன் என்ற சொல் இருக்கிறது என்பதையே அதுவரை நான் கவனித்ததில்லை.

ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். நல்லவர்கள்தான். ஒருவர், தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று கேட்டார். ஒருவர், உங்களுக்குள் ஏதோ ஒரு தடை இருக்கிறது, அதைக் கண்டுபிடியுங்கள் என்றார். விசுவாசத்தோடு அறிக்கை பண்ணுங்கள், கடன் இல்லை இல்லை என்று தினமும் வாயால் சொல்லுங்கள், அது பறந்து போகும் என்று இன்னொருவர் சொன்னார். வங்கி மேனேஜர் அதை ஒப்புக்கொள்வாரா என்று கேட்க வாய் வரை வந்தது. யோபுவின் நண்பர்கள்கூட முதல் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது.

இவர்கள் சொன்னதில் எனக்கு உறைத்தது ஒன்றுதான்: மனதில் அமைதி இல்லையென்றால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்தே நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அமைதி இல்லை, ஆகவே விசுவாசம் போய்விட்டது, ஆகவே ஆண்டவரும் போய்விட்டார். கூட்டல் சரியாகத்தான் வந்தது.

2020 டிசம்பரில் நான்கைந்து சபைகள் மட்டும் வசன அட்டை கேட்டன. அதுவும் பாதி எண்ணிக்கை. டைப் செட் பண்ணும் பையனை ஊருக்கு அனுப்பிவிட்டதால் நானே தட்டச்சு செய்தேன். ப்ரூஃப் பார்ப்பது என் மனைவி. அன்று ராத்திரி ஒன்பது மணி இருக்கும். அவள் டியூப் லைட்டுக்கு நேர் கீழே ஸ்டூலைப் போட்டு, சிவப்புப் பேனாவோடு ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக ஒற்று விட்டிருந்தால் சத்தமாகச் சொல்லுவாள். அன்று ஒரு இடத்தில் பேனா நின்றது. நெடுநேரம் நகரவில்லை. என்ன என்று எட்டிப் பார்த்தேன்.

சாமுவேலின் முதலாம் புத்தகத்து வசனம். கர்த்தர் தமது ஜனத்தைக் கைவிடமாட்டார் என்று இருக்க வேண்டும். நான் அடித்திருந்தது: தமது ஜனத்தைக் கைவிட்டார்.

நடுவில் இரண்டே எழுத்து விட்டுப்போயிருந்தது. 'டமா'. கைவிடமாட்டாரில் அந்த இரண்டை எடுத்துவிட்டால் கைவிட்டார். எழுத்துப் பிழை என்றுகூடச் சொல்ல முடியாது. ஒற்றெல்லாம் சரியாக, இலக்கண சுத்தமாக நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. 'வி'க்கும் 'ட்'டுக்கும் நடுவில் கூரைபோல ஒரு குறி போட்டு, மேலே 'டமா' என்று எழுதி வட்டமிட்டாள். அடுத்த அட்டைக்குப் போய்விட்டாள். நான் போய்த் திருத்திவிட்டு வந்து பிளேட்டுக்கு அனுப்பினேன். அதைப்பற்றி இதுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. இந்தப் பதிவை அவள் படித்தால்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் நான் ஆலயத்துக்குப் போவதை மட்டும் விடவில்லை. பக்தி என்று நினைத்துவிட வேண்டாம். சைதாப்பேட்டையிலிருந்து மனைவியையும் மகளையும் வண்டியில் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது, விட்ட பிறகு வெளியே நின்று என்ன செய்வது என்று உள்ளே போய் உட்காருவேன். கடைசி வரிசை, மின்விசிறிக்குக் கீழே. பாட்டுக்கு எழுந்து நிற்பேன், பாடமாட்டேன். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது வாய் அசையும். சங்கீதத்தை மாற்றி மாற்றி வாசிக்கும்போது மட்டும் சத்தமாக வாசிப்பேன். அச்சகக்காரனுக்கு எழுத்தைப் பார்த்தால் வாசிக்காமல் இருக்க முடியாது. அப்படி ஒரு ஞாயிறு 13-ஆம் சங்கீதம் வந்தது. முதல் இரண்டு வசனத்தில் 'எதுவரைக்கும்' என்று நான்கு தடவை வருகிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர். எனக்கு வராத ஜெபம் ஏற்கெனவே எழுதி, அச்சடித்து, என் கையில் இருந்தது. ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒருவர் நமக்கும் சேர்த்துக் கத்தி வைத்திருக்கிறார். அன்று அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். ஜெபிக்கவில்லை, வாசித்தேன், அவ்வளவுதான். உங்களில் யாருக்காவது நா எழாமல் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். உணர்ச்சி வருகிறதா என்று பார்க்காதீர்கள். ப்ரூஃப் வாசிப்பது போல வாசியுங்கள்.

எங்கள் தென்னிந்தியத் திருச்சபையில் திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுப்பது என்று ஒரு பகுதி உண்டு. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி இதே சென்னையில், செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில்தான், பல சபைகள் சேர்ந்து இந்தத் திருச்சபை பிறந்தது. 1950-இல் புதிதாக ஆராதனை முறை அமைத்தபோது, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கத்திலிருந்து இதை எடுத்துக்கொண்டார்கள். ஆயர் பீடத்தருகே நிற்பவரின் கையைத் தன் இரு கைக்குள் வாங்கிச் சமாதானம் சொல்வார். அவர் அடுத்தவருக்கு. இப்படிக் கைமாறிக் கைமாறி வரிசை வரிசையாகக் கடைசி பெஞ்சு வரை வரும். நம்முடைய கைமாற்றுக் கடனுக்கும் இதற்கும் ஒரே சொல் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. கொரோனாவில் தொடக்கூடாது என்று கும்பிட்டுக்கொண்டோம். 2022-இல் ஒரு ஞாயிறு, மறுபடியும் கை கொடுக்கலாம் என்றார்கள்.

எனக்கு முன் வரிசையில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் உட்காருவார். வயது 80-ஐத் தாண்டியவர். பார்கின்சன் நோயால் கை ஓயாமல் நடுங்கும். பாட்டுப் புத்தகத்தைப் பிடித்தால் பக்கம் படபடவென்று அடித்துக்கொள்ளும். அவர் திரும்பி என் வலது கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். அந்த நடுக்கம் என் முழங்கை வரை ஏறியது. 'சமாதானம் தம்பி' என்றார். பதிலுக்கு நான் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை. அவர் விடவும் இல்லை. பிறகு அவர் தாழ்ந்த குரலில், 'பரவால்ல, வாங்கி வச்சுக்க. நீ அடுத்தவங்களுக்குக் குடுக்கிறதுக்குத்தான்' என்றார். என் பக்கத்தில் ஒரு சின்னப் பையன் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். அவனுக்குக் கொடுத்தேன். என்னிடம் இல்லாத ஒன்று என் வழியாகத்தான் அவனுக்குப் போனது.

அந்த வாரம் பரங்கிமலைக்குப் போனேன். சென்னையில் பிறந்து வளர்ந்தும் மலையேறிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிக் கொடுத்த படிகள். எத்தனை படி என்று எண்ணத் தொடங்கி, நடுவில் மூச்சு வாங்க நின்றதில் கணக்கு தப்பிவிட்டது. மேலே போர்த்துகீசியர் 1523-இல் கட்டிய ஆலயம். பீடத்தில் பாரசீகத்துப் பஹ்லவி எழுத்து பொறித்த பழைய கற்சிலுவை. வெளியே வந்து மதில் ஓரம் நின்றால் விமான நிலையத்து ஓடுபாதை முழுதாகத் தெரியும். இயேசுவின் சீஷர் தோமா இங்கேதான் கி.பி. 72-இல் குத்திக் கொல்லப்பட்டார் என்பது நம் ஊர் மரபு. சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை என்று இந்த நகரமே அவர் பேரைச் சுமந்துகொண்டிருக்கிறது. உலகம் முழுக்க அவரைச் சந்தேகக்காரன் என்கிறார்கள். நம் ஊரில் அவர் வந்தவர், இருந்தவர்.

மதில் ஓரத்தில் உட்கார்ந்து போனில் யோவான் 20-ஆம் அதிகாரத்தை எடுத்தேன். உயிர்த்தெழுந்த அன்று சாயங்காலம் இயேசு வந்தபோது தோமா அங்கே இல்லை. பிற்பாடு மற்றவர்கள் சொன்னதற்கு, காயத்தைக் கண்டாலொழிய விசுவாசிக்கமாட்டேன் என்றுவிட்டார். இதெல்லாம் நூறு பிரசங்கத்தில் கேட்டதுதான். அடுத்த வசனத்தில் ஒரு சின்ன வாக்கியம் இருக்கிறது, அதை நான் தாண்டித் தாண்டியே போயிருக்கிறேன். எட்டு நாளைக்குப் பின்பு சீஷர்கள் மறுபடியும் வீட்டுக்குள்ளே இருந்தார்கள். 'தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்.'

எட்டு நாள். விசுவாசிக்கமாட்டேன் என்று சொன்ன வாயோடு, விசுவாசிக்கிறவர்கள் மத்தியில், ஒரே கூரைக்குக் கீழே எட்டு நாள். சுற்றிலும் எல்லோரும் ஆண்டவரைக் கண்டோம் என்று சந்தோஷமாக இருந்திருப்பார்கள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அதே பேச்சாகத்தான் இருந்திருக்கும். இவருக்கு அது எப்படிப்பட்ட வாரமாக இருந்திருக்கும் என்று கடைசி பெஞ்சுக்காரனுக்குத் தெரியும். அவர் கிளம்பிப் போகவில்லை. அவர்களும் போ என்று துரத்தவில்லை. உனக்கு ஏதோ தடை இருக்கிறது என்று யாரும் சொன்னதாகவும் எழுதியிருக்கவில்லை. கதவு பூட்டியிருந்தது. இயேசு வந்து நடுவே நின்று முதலில் சொன்னது, ஏன் நம்பவில்லை என்பது அல்ல. 'உங்களுக்குச் சமாதானம்.' போன வாரம் மற்றவர்களுக்குச் சொன்ன அதே வாழ்த்து. பன்மையில் சொன்னார், அந்த 'உங்களுக்கு'வில் நம்பாத ஒருவரும் இருந்தார். அதற்கு அப்புறம்தான் காயத்தைக் காட்டினார்.

விசுவாசத்தில் நிலைத்திருப்பது என்றால் பாறைபோல அசையாமல் நிற்பது என்று நினைத்திருந்தேன். மலையிலிருந்து இறங்கும்போது, அது அந்த எட்டு நாள் வீட்டைவிட்டுப் போகாமல் இருப்பதாகக்கூட இருக்கலாம் என்று தோன்றியது. தோமா சொன்னது விசுவாசிக்கமாட்டேன். ஆண்டவர் சொன்னது கைவிடமாட்டேன். இரண்டு 'மாட்டேன்'களில் எது பலமானது என்று எட்டாம் நாள் தெரிந்துவிட்டது.

அப்போதிருந்து சமாதானம் என்ற சொல்லை விடாமல் துருவினேன். எங்கள் ஆயரிடம் கேட்டதற்கு இரண்டு வசனத்தைக் காட்டினார். ஒவ்வொரு ஆராதனையும் முடியும்போது ஆசீர்வாதத்தில் கேட்கிற 'எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்' பிலிப்பியர் 4-இல் இருக்கிறது. அது மனதைக் காக்கிற சமாதானம், சிலநாள் தெரியும், சிலநாள் தெரியாது. சிறையிலிருந்து அதை எழுதியவர் பவுல் என்பதையும் மறக்காதீர்கள் என்றார். ரோமர் 5-இல் இருப்பது வேறு: நாம் 'தேவனிடத்தில் சமாதானம் பெற்றிருக்கிறோம்.' அது மனநிலை அல்ல, உறவுநிலை. வழக்கு முடிந்தது, பகை தீர்ந்தது என்ற அர்த்தத்தில் சமாதானம். சண்டைக்காரர்கள் இருவர் சமாதானமாகப் போய்விட்டார்கள் என்று சொல்கிறோமே, அது. 'முதலாவதை நீங்க உணராம இருக்கலாம் பிரதர். இரண்டாவது நீங்க உணர்ந்தாலும் உணராட்டியும் முடிஞ்ச விஷயம்.' கொலோசெயர் 2-இல் ஒரு சொல்லையும் காட்டினார். நமக்கு விரோதமாக இருந்த 'கையெழுத்தைக் குலைத்து' சிலுவையில் ஆணியடித்தார் என்று வருகிறது. கையெழுத்து என்றால் ஏதோ எழுத்து என்றுதான் நினைத்திருந்தேன். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் கடன்பட்டவன் தன் கைப்பட எழுதிக் கொடுக்கிற கடன் பத்திரத்தைக் குறிக்குமாம். நம் ஊர்ப் பேச்சில் புரோநோட்டு. ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன்மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டு நான் எழுதிக் கொடுத்த மூன்று புரோநோட்டுகள் அன்று வேறு வேறு பீரோக்களில் இருந்தன. ஒரு நோட்டு திரும்பிக் கைக்கு வந்து, அதைக் கிழிக்கிற நாளில் வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்பதை இன்னொருவர் எனக்கு விளக்கத் தேவையில்லை.

எனக்குத் துணையாக அந்த வருஷம் ஒரு பழைய ஆளும் கிடைத்தார். ஜெர்மனியிலிருந்து 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742-இல் சென்னைக்கு மாறி, வேப்பேரியில் வாழ்ந்த பப்ரிசியஸ் ஐயர். புரசைவாக்கத்தில் அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. தமிழ் வேதாகமத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இங்கிருந்த தமிழ் உதவியாளர்களிடம் வாசித்துக் காட்டி, காதுக்குச் சரியாக வரும்வரை பல்லாண்டு திருத்தித் திருத்தி எழுதியவர். புதிய ஏற்பாடு 1772-இல் வந்தது, தமிழ் ஆங்கில அகராதி 1779-இல். அதை அச்சடித்த வேப்பேரி அச்சகத்தின் இயந்திரம் 1761-இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது எடுத்து வந்தது. என் மெஷினைப் போலவே செகண்ட் ஹேண்ட். இதையெல்லாம் தொழில் பாசத்தில் படித்துக்கொண்டு போனவன், கடைசிப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மிஷன் பணத்தையும் மற்றவர்கள் நம்பிக் கொடுத்து வைத்த பணத்தையும் அவர் வட்டிக்குக் கொடுத்திருந்தார். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. முதிய வயதில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1791-இல் காலமானார். அவருக்குப் பணம் கையாளத் தெரியவில்லை, அதில் அவர் மேலும் தப்பு இருந்தது. என் மேலும் இருந்தது. மெஷின் வாங்கும்போது மனைவி வேண்டாம் என்றாள். ஆனால் சமாதானம் என்ற சொல்லைத் தமிழ்க் காதுக்குத் திருத்தி வைத்த கை ஒரு கடனாளியின் கை என்று தெரிந்தபோது, கடைசி பெஞ்சில் என்னோடு இன்னொருவரும் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

சரி, கடன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. மெஷினை விற்கவில்லை, ஓடுகிறது. சிவகாசி விலைக்கு நம்மால் இறங்க முடியாது, அவசர வேலைகளைப் பிடித்து ஓட்டுகிறோம். மூன்று நோட்டில் இரண்டைக் கிழித்தாயிற்று. வங்கித் தவணை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. ஜெபம் வருகிறதா என்றால், வருகிறது, பெரும்பாலும் ஒரே ஒரு வரி. நோயுற்ற பிள்ளைக்காக இயேசுவிடம் வந்து நின்ற ஒரு தகப்பன் மாற்கு 9-இல் சொன்னது: விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்ல அவருக்கு வெட்கமாக இல்லை. எனக்கும் இல்லை.

போன டிசம்பரில் எங்கள் சபைக்கு அட்டை அடிக்கும்போது ஆயர் 23 வசனம்தான் அனுப்பியிருந்தார். ஷீட்டில் ஒரு கட்டம் காலி. போனில் கேட்டதற்கு, 'உங்களுக்குப் பிடிச்சதைப் போடுங்க பிரதர், 20 வருஷமா அடிக்கிறீங்க' என்றார். 88-ஐப் போடலாமா என்று ஒரு நிமிஷம் கை பரபரத்தது. வேண்டாம், ராத்திரி ஒரு மணி.

எலியா தீர்க்கதரிசியை நினைத்தேன். கர்மேல் மலையில் ஜெயித்தவர், அடுத்து உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் காட்டி, சாப்பிடு என்கிறான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறார். அதற்கும் திட்டு இல்லை. இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பாடு. ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையைக் கேட்டபோது, அடை என்றதும் எங்கள் வீட்டு முருங்கைக்கீரை அடைதான் எனக்கு மனதில் வந்தது. தொட்டுக்கொள்ள வெல்லம் இருந்ததா என்று டீச்சரிடம் கேட்டேன். 2020-இல் ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று நான் சுருண்டு படுத்த நாட்களில், தலைமாட்டில் மூடி வைத்த தட்டு ஒன்று எப்போதும் இருந்தது. பாதி ராத்திரியில் எழுந்து சாப்பிடுவேன். அதையும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

24-ஆவது கட்டத்தில் இதைப் போட்டேன்: எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம். 1 இராஜாக்கள் 19:7. ப்ரூஃப் பார்த்தவள் அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். மற்ற 23-க்கும் அவள் டிக் போடவில்லை.

31-ஆம் தேதி ராத்திரி ஆராதனை முடிந்து, ஆலயத்துக்கு வெளியே காகிதக் கப்பில் காபி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி அட்டையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

'அங்கிள், எல்லாருக்கும் உயர்த்துவேன், ஆசீர்வதிப்பேன்னு வந்திருக்கு. என்னை மட்டும் சாப்பிடச் சொல்லியிருக்கு.'

'சாப்பிட்டியாம்மா?'

'இல்ல அங்கிள். ரெண்டு நாளா சரியா சாப்பிடல.' சொல்லிவிட்டு ஏன் சொன்னோம் என்பதுபோல நின்றாள்.

என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கேக் இருந்த தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.